வழி விடுங்கள், ஓர் உயிர் வருகிறது

(கிராமக் குடும்ப நலக் கூட்டத்தில் வட்டார சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)

 

குடும்ப நலக் கூட்டம் என்றால் நாங்கள் என்ன பேசுவோம் என்பது உங்களுக்கு மனப்பாடம். இரும்புச்சத்து மாத்திரை, தடுப்பூசி, தாய்ப்பால், இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே இடைவெளி. இன்று அவற்றை ஒரு பக்கம் வைத்துவிட்டு, சட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். “என்னங்க, ஆஸ்பத்திரிக்காரரு வக்கீல் மாதிரி பேச வந்துட்டாரு?” என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது.

ஒரு காலத்தில், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கெஞ்ச வேண்டியிருந்தது. இன்று அந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. அந்தப் பெருமை உங்களையே சேரும். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் மட்டும் போதாது. போகிற பாதை திறந்திருக்க வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் டாக்டரும் நர்சம்மாவும் நிம்மதியாகக் கை வைத்து வேலை பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் கெடுப்பவர்கள் யாரோ ரவுடிகள் அல்ல. பல நேரங்களில் நாம்தான், நம் சொந்தபந்தங்கள்தான். அதனால்தான் இந்தப் பேச்சு.

நேரம் என்றால் என்ன?

பிரசவம் நல்லபடியாக முடிந்து, குழந்தை அழுது, வீட்டார் சர்க்கரை வாங்க ஓடுகிற நேரத்தில் சில தாய்மார்களுக்கு உதிரப்போக்கு தொடங்கிவிடும். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போய்வருகிறது. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்ததும் கர்ப்பப்பை கல்மாதிரி இறுகிக்கொண்டால் அந்த ரத்தக் குழாய்கள் தாமாகவே மூடிக்கொள்ளும். இறுகாவிட்டால், திறந்துவிட்ட மதகு போலத்தான்.

தடுக்காமல் விட்ட பேறுகால உதிரப்போக்கு சராசரியாக இரண்டே மணி நேரத்தில் ஒரு தாயின் உயிரைக் குடித்துவிடும் என்று மருத்துவ நூல்கள் கணக்குச் சொல்கின்றன. பிரசவத்துக்கு முன்பே வருகிற உதிரப்போக்கு என்றால் சுமார் 12 மணி நேரம். இரண்டு மணி நேரம் என்றால் 120 நிமிஷம். நம் கையில் இருக்கும் மூலதனம் அவ்வளவுதான்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு தாய்க்குப் பிரசவம் ஆகிறது. உதிரம் நிற்கவில்லை. நர்சம்மா ஊசி போட்டுவிட்டார், வயிற்றைத் தேய்த்துவிட்டார், நரம்பில் மருந்துத் தண்ணீர் ஏற்றிவிட்டார். இருந்தும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்கிறார் டாக்டர். “பெரியப்பாவைக் கேட்டுச் சொல்றோம்” என்று வீட்டார் இழுப்பதில் 20 நிமிஷம். ஆம்புலன்ஸ் வர 15. சாலையில் 40. ஆக 75 நிமிஷம் போயிற்று. மீதி 45. வழியில் ஒரு கல்யாண ஊர்வலம், வாணவேடிக்கை, 15 நிமிஷம். மீதி 30. ஆஸ்பத்திரி வாசலில் கூட வந்த பன்னிரண்டு பேரும் உள்ளே போக வேண்டும் என்று சண்டை, 10 நிமிஷம். மீதி 20. இந்த இருபதில்தான் ரத்த வகை பார்த்து, பொருத்தம் பார்த்து, ஏற்ற வேண்டும், தேவையானால் ஆபரேஷன் தியேட்டருக்கும் கொண்டுபோக வேண்டும். எந்த டாக்டரால் முடியும், சொல்லுங்கள்?

தாடியஸ், மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994-ல் தாய் மரணத்தை ஆராய்ந்து, மூன்று தாமதங்கள் உண்டு என்று எழுதினார்கள். போகலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதில் தாமதம் ஒன்று. போய்ச் சேருவதில் தாமதம் இரண்டு. போன இடத்தில் சரியான சிகிச்சை கிடைப்பதில் தாமதம் மூன்று. மேலே சொன்ன கணக்கில் மூன்றும் இருக்கின்றன. மூன்றிலும் நம் கையும் இருக்கிறது.

சாலையில் சட்டம் என்ன சொல்கிறது?

“ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா நாங்க ஒதுங்க மாட்டோமா?” என்பீர்கள். பெரும்பாலோர் ஒதுங்குகிறீர்கள். ஒதுங்காத சிலருக்காகத்தான் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் ஒரு புதிய பிரிவு சேர்த்தார்கள், அதன் எண் 194இ. தீயணைப்பு வண்டியோ ஆம்புலன்ஸோ அரசு குறிப்பிடும் வேறு அவசர ஊர்தியோ வரும்போது, வண்டியைச் சாலையோரம் ஒதுக்காத ஓட்டுநருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் இந்தப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் நடைமுறைக்கு வந்தது. மோட்டார் சைக்கிள், ஆட்டோ, டிராக்டர், கரும்பு லாரி, கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். “நான் சின்ன வண்டிதானே” என்பது பேச்சாகாது.

ஆம்புலன்ஸ் பிளந்துகொண்டு போகிற வழியிலேயே அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு பறக்கிற இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. அது திடீரென்று நின்றால் நீங்களும் ஆம்புலன்ஸில் ஏற வேண்டியிருக்கும், தம்பி. இடைவெளி விட்டு வாருங்கள்.

வண்டி ஓட்டாதவர்களும் பாதையை அடைக்கிறோம். தார்ச் சாலையில் நெல்லும் சோளமும் எள்ளும் காயப்போட்டு, ஓரத்தில் கல் அடுக்கி வைக்கிறோம். தெருவை அடைத்துப் பந்தல் போடுகிறோம். திருவிழாவில் அலங்கார வளைவைத் தாழ்வாகக் கட்டுகிறோம். பொதுவழியில் இடையூறு செய்வதே குற்றம். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆம் பிரிவின்படி 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். திருவிழா வேண்டாம், கல்யாணம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பந்தலின் ஒரு பக்கம் ஒரு வண்டி நுழைகிற அளவுக்கு வழி விட்டுக் கட்டுங்கள். நெல்லைக் களத்தில் காயப்போடுங்கள்.

ஆம்புலன்ஸுக்குள்ளே

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. காசு கிடையாது. வண்டியில் ஓட்டுநரோடு பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவரும் இருப்பார். அவருடைய வேலையை நாம் அறியாமல் தடுப்பது நாலு விதம்.

ஒன்று, துணைக்கு ஒருவர் போதும் என்றால் ஆறு பேர் ஏறிக்கொள்வது. அவர் நோயாளியின் தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் போய்வர இடமில்லாமல் போகும்.

இரண்டு, வழியிலேயே குழந்தை பிறக்கும் நிலை வந்து வண்டியை ஓரம் நிறுத்தினால், “ஏன்யா நிறுத்தினே, ஓட்டு!” என்று கத்துவது. ஓடுகிற வண்டியில் பிரசவம் பார்ப்பதைவிட நிற்கிற வண்டியில் பார்ப்பதுதான் பத்திரம். நிறுத்தியது தாமதம் அல்ல, அதுவே சிகிச்சை.

மூன்று, தேவையான வசதி எந்த ஆஸ்பத்திரியில் அருகில் இருக்கிறதோ அங்கே அவர் போகப் பார்க்க, நாம் பாதி வழியில் வேறு ஊருக்குத் திருப்பச் சொல்லி மல்லுக்கு நிற்பது.

நாலு, வேடிக்கைக்காக 108-ஐ அழைப்பது. பிள்ளைகள் கையில் செல்போனைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். பொய் அழைப்புக்குப் போன வண்டி, மெய் அழைப்புக்குப் போக முடியாது.

ஆஸ்பத்திரியில் சட்டம் என்ன சொல்கிறது?

இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கோபம் வருகிற இடம் இதுதான்.

தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டு, மருத்துவப் பணியாளர்களையும் மருத்துவ நிறுவனங்களையும் வன்முறையிலிருந்து காக்கத் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. பணியில் இருக்கும் டாக்டர், நர்ஸ், மற்ற மருத்துவப் பணியாளர்கள் மீது வன்முறை செய்தாலோ, ஆஸ்பத்திரிச் சொத்தை நாசம் செய்தாலோ, 3 ஆண்டுக்குக் குறையாத சிறை, 10 ஆண்டு வரை போகலாம், அபராதமும் உண்டு. போலீஸார் வாரண்டு இல்லாமலே கைது செய்யலாம். ஜாமீனில் எளிதாக வெளிவர முடியாது. அடித்தால்தான் வன்முறை என்று எண்ண வேண்டாம். மிரட்டுவதும் வேலை செய்யவிடாமல் தடுப்பதும் அதில் சேரும். கண்ணாடியை உடைத்தவன் உடைத்ததற்கு ஈடும் கட்ட வேண்டும்.

இதைத் தவிரப் பொதுச் சட்டமும் இருக்கிறது. அரசு ஊழியர் யாராக இருந்தாலும், தீயணைப்பு வீரர், போலீஸ்காரர், அரசு டாக்டர், நம் கிராம சுகாதார செவிலியர் எல்லோருக்கும் பொருந்தும். பாரதிய நியாய சன்ஹிதாவில் படிப்படியாகத் தண்டனை சொல்லியிருக்கிறார்கள்:

– கடமையை வேண்டுமென்றே தடுத்தால் (பிரிவு 221): 3 மாதம் வரை சிறை, அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.
– கடமையைச் செய்யவிடாமல் தடுக்கக் கை ஓங்கினால், பலத்தைக் காட்டினால் (பிரிவு 132): 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.
– அதற்காகக் காயப்படுத்தினால் (பிரிவு 121): 5 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கொடுங்காயம் என்றால் ஓராண்டுக்குக் குறையாமல் 10 ஆண்டு வரை, அபராதமும் சேர்த்து.

2020 ஏப்ரலில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யக் கொண்டுபோன ஆம்புலன்ஸைச் சென்னையில் ஒரு கூட்டம் கல்லால் அடித்தது. நாடே தலைகுனிந்தது. அதே மாதம் மத்திய அரசு, 1897-ஆம் ஆண்டின் கொள்ளை நோய்ச் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் கொண்டுவந்தது. கொள்ளை நோய்க் காலத்தில் மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் 3 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அதில் சொல்லப்பட்டது. கொடுங்காயத்துக்கு 6 மாதம் முதல் 7 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். பயம்தான் அன்று அந்தக் கல்லை எறிந்தது. பயத்தில் எறிந்தாலும் கல் கல்தான், குற்றம் குற்றம்தான்.

கோபம் நியாயமாக இருந்தால்?

“ஐயா, எங்க வீட்டுப் பொண்ணு வலியில துடிக்குது, யாரும் எட்டிப் பாக்கலே. வாயை மூடிக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?” இப்படிக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லோரும் தெய்வங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அலட்சியமும் நடக்கிறது, கடுஞ்சொல்லும் நடக்கிறது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அவசரப் பிரிவில் முதலில் வந்தவரை முதலில் பார்ப்பதில்லை. யாருடைய உயிர் முதலில் போய்விடுமோ அவரை முதலில் பார்ப்பார்கள். கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது. சத்தமில்லாமல் கிடப்பவரிடம்தான் டாக்டர் முதலில் ஓடுவார். உங்களை விட்டுவிட்டு இன்னொருவரிடம் போனால், அது அலட்சியம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி கேட்பது குற்றமே இல்லை. “என்ன ஆச்சு, என்ன செய்யப் போறீங்க, நாங்க என்ன செய்யணும்?” என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டிலிருந்து ஒருவர் மட்டும் கேளுங்கள். கோபக்காரரை அனுப்பாதீர்கள், நிதானமானவரை அனுப்புங்கள். பதில் சரியில்லை என்றால் பணியில் இருக்கும் மூத்த டாக்டரையோ நிலைய மருத்துவ அலுவலரையோ பாருங்கள். 104-க்குப் போன் செய்யுங்கள். தவறு நடந்துவிட்டது என்றால் நேரத்தையும் நடந்ததையும் எழுதி, மாவட்டத்தில் மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கு மனுக் கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். 1100-இலும் சொல்லலாம். ஒரு தாய் இறந்தால் அது சும்மா விடப்படுவதில்லை. ஏன் இறந்தாள், எங்கே தாமதம் என்று மாவட்ட அளவில் ஆய்வு நடக்கிறது. அப்போது குடும்பத்தாரையும் கேட்பார்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

மனு எழுதியவனுக்கு நியாயம் கிடைக்க வழியுண்டு. கண்ணாடியை உடைத்தவன் தன் நியாயத்தையும் சேர்த்து உடைத்துவிடுகிறான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. இன்னொன்றையும் யோசியுங்கள். நீங்கள் மிரட்டிய டாக்டர் அடுத்த முறை ஆபத்தான கேஸைக் கையில் எடுக்கத் தயங்கி, “மேல அனுப்பிடு” என்று சொல்லிவிடுவார். அந்த அடுத்த கேஸ் உங்கள் தங்கையாகவே இருக்கலாம்.

உதவ வந்தவருக்குப் பயம் வேண்டாம்

சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும், போட்டோ எடுக்கும், தொட மாட்டார்கள். “போலீஸ், கோர்ட்டுன்னு அலையணுமே” என்ற பயம். அந்தப் பயத்தைப் போக்கவும் சட்டம் வந்துவிட்டது. 2016 மார்ச் 30-ல் உச்ச நீதிமன்றம் உதவுபவர்களைக் காக்கும் நெறிமுறைகளுக்குச் சட்ட வலிமை கொடுத்தது. 2019 திருத்தத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு காயம்பட்டவருக்கு உதவியவர் மீது, நோயாளி பிழைக்காமல் போனாலும், வழக்குப் போட முடியாது. பெயர் விலாசம் சொல்ல விருப்பமில்லை என்றால் கட்டாயப்படுத்தக் கூடாது. சேர்த்துவிட்டு உடனே வீட்டுக்குப் போகலாம். காயம்பட்ட முதல் ஒரு மணி நேரத்தை ‘பொன்னான நேரம்’ என்று சட்டமே சொல்கிறது. அந்த நேரத்தில் சுற்றி நிற்கும் கூட்டமும் ஒரு தடைதான். இருவர் உதவுங்கள், மற்றவர் விலகிக் காற்று விடுங்கள்.

தம்பதிகள் செய்ய வேண்டியவை

சட்டம் தெரிந்தால் போதாது. எட்டாம் மாதம் பிறந்ததும் கணவனும் மனைவியும் ஒரு நாள் மாலை உட்கார்ந்து பேசுங்கள். மாமியாரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

1. வீட்டு வாசல் வரை ஆம்புலன்ஸ் வருமா? வராது என்றால் எந்த முக்கு வரை வரும்? அங்கே வரை எப்படித் தூக்கிவருவது?
2. இரவில் வலி வந்தால் டார்ச்சோடு முக்கில் நின்று வழிகாட்டப் போவது யார்?
3. கூடப் போகும் ஒருவர் யார்? மற்றவர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள்.
4. மூத்த குழந்தையையும் மாட்டையும் பார்த்துக்கொள்வது யார்?
5. ரத்தம் தேவைப்பட்டால் கொடுக்க முன்வருபவர்கள் யார்? அவர்கள் போன் நம்பர் எங்கே?
6. தாய்சேய் அட்டை, கர்ப்பப் பதிவு எண், பழைய ஸ்கேன் சீட்டு எல்லாம் ஒரே பையில் இருக்கிறதா?
7. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னால், ஆபரேஷன் என்று சொன்னால், உடனே சரி சொல்வது என்று இருவரும் முடிவு செய்துவிட்டீர்களா?

ஏழாவதைத் தம்பிமார்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும். 18 வயது நிரம்பிய பெண் தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் கொடுக்கலாம். பெரியப்பா துபாயிலிருந்து போனை எடுக்கும் வரை உதிரம் காத்திருக்காது. உங்கள் மனைவிக்கு வாய் இருக்கிறது, அறிவு இருக்கிறது, அவரைக் கேளுங்கள்.

கூட்டங்களில் கேட்கப்படும் கேள்விகள்

கேள்வி: ஆம்புலன்ஸ் காலியாகப் போகும்போதும் சைரன் போடுகிறார்களே, அதற்கும் வழி விட வேண்டுமா?
பதில்: உள்ளே ஆளில்லை என்றால், ஆளை ஏற்றப் போகிறது என்று பொருள். வழி விடுங்கள். அநாவசியமாகச் சைரன் போட்டால் வண்டி எண்ணைக் குறித்துப் பிறகு புகார் செய்யுங்கள். நடுச்சாலையில் மறித்து விசாரிப்பது உங்கள் வேலை அல்ல.

கேள்வி: ஊர்வலத்துக்குப் போலீஸ் அனுமதி வாங்கியிருக்கிறோம். அப்போதுமா?
பதில்: அனுமதி ஊர்வலத்துக்குத்தான், ஆம்புலன்ஸை மறிக்க அல்ல. ஊர்வலத்தின் முன்னும் பின்னும் இரண்டு பேரை இதற்கென்றே நிறுத்துங்கள். மேளம் ஒரு நிமிஷம் நிற்கட்டும். சாமி கோபிக்காது.

கேள்வி: பிரசவ அறைக்குள் தாய் கூட ஒருவர் இருக்கலாமா?
பதில்: துணைக்கு ஒரு பெண் இருப்பது தாய்க்கு நல்லதே. நர்சம்மாவிடம் கேட்டு இருங்கள். வெளியே போகச் சொல்லும் நேரம் வந்தால் உடனே போய்விடுங்கள். அது உங்களை அவமானப்படுத்த அல்ல, கைகளுக்கு இடம் வேண்டும் என்பதற்காக.

அன்புடையீர்! இவ்வளவு சட்டத்தையும் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பிரிவு எண்களை மறந்துவிடுங்கள். ஒன்றை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். சாலையில் சத்தம் கேட்டால் ஓரம் ஒதுங்குங்கள். ஆஸ்பத்திரியில் கை ஓங்காமல் வாயால் கேளுங்கள், பேனாவால் எழுதுங்கள். இன்று வழி விட்டவர் வீட்டுக்கே நாளை அந்த வண்டி வரவேண்டியிருக்கும். அன்றைக்கு ஊர் உங்களுக்கு வழி விடும்.

அவசரத்துக்கு 108. மருத்துவ ஆலோசனைக்கு 104. சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.